வாயில் தங்கிய வாக்குமூலம்

துன் நகரில், ஏரிக்கரையில் இருந்த ஒரு ஹோட்டலில் சிவரூபினி பத்து வருடத்துக்கு மேல் அறைகள் துப்புரவாக்கினாள். மட்டக்களப்பிலிருந்து அகதியாக வந்து இறங்கியபோது அவளுக்கு வயது இருபத்திரண்டு. குளியல் தொட்டியில் ஒட்டிக் கிடக்கும் பிறத்தியாரின் தலைமயிர், தலையணையில் காய்ந்துபோன எச்சில், குப்பைக் கூடையின் அடியில் ஊறிக் கிடக்கும் எதுவென்று தெரியாத ஒன்று, எல்லாவற்றையும் அந்தக் கைகளால் அள்ளியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவளுக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. கைக்கு உறை இருந்தது. அறைக் கதவைச் சாத்தியதும் அந்த அறை அவளை விட்டுப் போய்விடும்.

பிறகு மாலை வகுப்புகளில் ஜெர்மன் படித்தாள், சோதனை எழுதினாள், மொழிபெயர்ப்பாளராகச் சான்றிதழ் வாங்கினாள். ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் காவல் நிலையத்திலும், ஒரு பக்கத்தாரின் மொழி மறுபக்கத்தாருக்குத் தெரியாத இடத்தில் நடுவில் போய் உட்கார்வது அவள் தொழிலாயிற்று. அந்தத் தொழிலுக்கு ஒரு விதி உண்டு. ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்று தள்ளி நின்று சொல்லக்கூடாது. பேசுகிறவர் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். நோயாளியின் வலியைச் சொல்லும்போது அது அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. கார்க்காரர்களிடம் வந்தபோதுதான் வாய்க்கு உறை கிடையாது என்பது அவளுக்குத் தெரிந்தது.

கார் வழக்குகள் வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே வந்தன. வந்த புதிதில் உணவகங்களில் கோப்பை கழுவி, கட்டிலும் அலுமாரியும் வாங்குமுன்னரே கார் வாங்கிய தமிழ் மனிதர்கள். லைசன்ஸ் பறிபோனவர்களுக்கு நடக்கும் வகுப்புகளில் அவள் பயிற்சியாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தாள். நெட்டையான அந்த மனிதர் ஒவ்வொரு வகுப்பிலும் அலுக்காமல் அதையே சொல்வார். ஓட்டும்போது போனைக் கைக்கெட்டாத இடத்தில் போடுங்கள், பின் சீட்டில் போட்டால் இன்னும் நல்லது. ஐம்பதில் போகிற வண்டியில் ஒரு செக்கன் கண்ணை எடுத்தால் பதினாலு மீற்றர் குருடனாகப் போகிறீர்கள். பனிக்காலத்தில் கண்ணாடி முழுவதையும் சுரண்டுங்கள், பக்கக் கண்ணாடிகளையும் லைட்டுகளையும் விடாதீர்கள். கோபத்தோடு சாவியைத் தொடாதீர்கள்.

கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பிறகு அவரவர் கதை தொடங்கும். நான் குடிச்சது ரெண்டே ரெண்டு பியர். ரோட்டில ஒரு நாய்கூட நிக்கேல்லை. மனுசி போன் அடிச்சவ, எடுக்காட்டி வீட்டில சண்டை. எல்லாவற்றையும் சிவரூபினி ‘நான்’ போட்டுச் சொன்னாள். ‘நான் குடித்தது இரண்டே இரண்டு பியர்.’ கடைசியில் யாராவது ஒருவர் கேட்பார், “அக்கா, வேகம் பிடிக்கிற கமரா எந்தெந்த ரோட்டில நிக்குது எண்டு இவரிட்டக் கேட்டுச் சொல்லுங்கோவன்.” அதையும் அவள் கேட்டாள். பயிற்சியாளர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நடந்ததை நினைத்துக் கவலைப்பட்ட ஒருவரையாவது அவள் அந்த வகுப்புகளில் காணவில்லை. அகப்பட்டுவிட்டோமே என்ற கவலைதான் எல்லோர் முகத்திலும் எண்ணெய்போல மினுங்கியது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் கார்த்திகை மாதத்தில், சோலோதுர்ன் நகர்ப் பக்கத்துக் காவல் நிலையம் ஒன்றிலிருந்து அவளைக் கூப்பிட்டார்கள். பாதசாரிகளுக்கான மஞ்சள் கோட்டில் வீதியைக் கடந்த எண்பத்தொரு வயதுப் பெண் ஒருவரை வான் இடித்திருந்தது. எஷ்லிமன் என்ற பெயருடைய அந்த அம்மையார் இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். வானை ஓட்டியவர் விஜிதரன். ஷ்லீரன் என்ற ஊரில் விசேஷங்களுக்குச் சாப்பாடு செய்து கொடுக்கும் தொழில் நடத்துபவர், ஐம்பது வயது தாண்டியவர், அங்குள்ள தமிழ்ச் சங்கத்தின் தலைவர் என்று பெயர் பெற்றவர். சிவரூபினி அவரை அதற்கு முன் கண்டதில்லை. முன்பின் தெரிந்தவராயிருந்தால் அந்தக் கதிரையில் அவள் உட்கார்ந்திருக்கவே முடியாது.

விசாரித்த அதிகாரி ஒரு இளம் பெண். தொடங்குமுன் விதிகளை வாசித்தாள். மொழிபெயர்ப்பாளர் எதையும் கூட்டவோ குறைக்கவோ கூடாது, பொய்யாக மொழிபெயர்த்தால் தண்டனை உண்டு, இங்கே கேட்டதை வெளியே யாரிடமும் சொல்லக்கூடாது. சிவரூபினி அதை விஜிதரனுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, அதிகாரியின் அனுமதியோடு தானும் ஒன்று சேர்த்துச் சொன்னாள்.

“இந்த அறைக்குள்ள நீங்கள் கதைக்கிற எல்லாத்தையும் நான் ஜெர்மனில மாத்திச் சொல்லுவன். எனக்கு மட்டும் எண்டு சொன்னாலும் அதையும் சொல்லுவன். விளங்கிச்சோ?”

“ஓம் ஓம், விளங்குது தங்கச்சி,” என்றார் விஜிதரன். ஒரு தமிழ் முகத்தைக் கண்டதில் அவர் கதிரையில் சற்றுச் சாய்ந்துகொண்டார்.

அதிகாரி படங்களை மேசையில் பரப்பினாள். வானின் முன்கண்ணாடி உறைபனியில் வெள்ளையாக இருந்தது. ஓட்டுபவர் பக்கம் மட்டும் ஒரு அப்பத்தின் அளவுக்குச் சுரண்டியிருந்தது. அந்த ஓட்டைக்கு முன்னாலும் பிளாஸ்டிக் பூமாலை ஒன்று தொங்கியது. பக்கக் கண்ணாடிகளில் கை படவே இல்லை. இடித்த வேகத்தில் வானுக்குள் கறிச் சட்டிகள் கவிழ்ந்து, சீட்டெல்லாம் மஞ்சளாக வழிந்திருந்தது. கடைசிப் படத்தில், அம்மையார் பிடித்து நடக்கும் தள்ளுவண்டி மஞ்சள் கோட்டின் மேல் தலைகீழாகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு பாண் பை.

“வெயில் நேர கண்ணில அடிச்சது,” என்றார் விஜிதரன்.

‘வெயில் நேராக என் கண்ணில் அடித்தது,’ என்று சிவரூபினி ஜெர்மனில் சொன்னாள்.

விபத்து நடந்த ஆற்றோரம் முழுக்க அன்று மத்தியானம்வரை பனிமூட்டம் என்று அதிகாரி சொன்னாள்.

“எண்டாலும் ஒரு வெளிச்சம் இருந்தது. அதோட அவ திடீரெண்டு பாய்ஞ்சா.”

“தள்ளுவண்டியோடு பாய்ந்தாரா?” என்று அதிகாரி கேட்டாள். அவள் குரலில் கேலி இல்லை. எழுதவேண்டியதைக் கேட்டாள், அவ்வளவுதான்.

பிறகு போன் விஷயம் வந்தது. ஓட்டிக்கொண்டிருக்கும்போதே விஜிதரன் போனை வாய்க்கு முன்னால் பிடித்து, சங்கத்து வட்ஸ்அப் குழுவுக்குக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். அது குழுவுக்குப் போயும் சேர்ந்துவிட்டது. அதிகாரி அதைப் போட்டுக் காட்டினாள். வருகிற விழாவில் முன்வரிசைக் கதிரைகளில் யார் யார் உட்காருவது என்பது பற்றிய பேச்சு. இன்னாரை அங்கே இருத்தினால் தான் மேடைக்கே வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டு போகும்போது நடுவில் ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு கெட்ட வார்த்தை, தாயை இழுத்துச் சொல்வது. அத்தோடு பதிவு முடிந்தது. சிவரூபினி அதை முழுவதும் மொழிபெயர்த்தாள், கதிரைகளையும் கெட்ட வார்த்தையையும். அவள் நாக்கில் ஏதோ கொழுப்புப் படிந்தது போலிருந்தது.

அதிகாரி தட்டச்சு செய்யக் குனிந்த நேரத்தில் விஜிதரன் சிவரூபினியின் பக்கம் சரிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

“தங்கச்சி, சாகிற வயசில அந்தக் கிழவி அந்தக் குளிருக்குள்ள ரோட்டுக்கு வந்தது என்ர பிழையோ? வீட்டில படுத்துக் கிடக்க வேண்டியதுதானே. இதை அவைக்குச் சொல்லாதையும். உமக்கு மட்டும் சொல்லுறன்.”

அவருடைய மூச்சில் பாக்கு மணந்தது. சிவரூபினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ‘கிழவி’க்கு ஜெர்மனில் மரியாதையான சொல்லும் இருக்கிறது, மரியாதை கெட்ட சொல்லும் இருக்கிறது. ஒரு கணம் இரண்டையும் நினைத்துப் பார்த்தாள். பிறகு, ‘சாகிற வயதில் அந்தக் கிழடு அந்தக் குளிரில் வீதிக்கு வந்தது என் பிழையா,’ என்று தொடங்கி, ‘இதை அவர்களுக்குச் சொல்லாதே, உனக்கு மட்டும் சொல்கிறேன்,’ என்பதுவரை ஒன்றும் விடாமல் சொல்லி முடித்தாள்.

அதிகாரியின் விரல்கள் நின்றன. அவள் விஜிதரனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அதையும் எழுதத் தொடங்கினாள்.

“இப்ப என்ன சொன்னனீர்?” என்று விஜிதரன் கேட்டார்.

“நீங்கள் சொன்னதைச் சொன்னனான்.”

“நீர் ஒரு தமிழ்ப் பிள்ளையோ?”

‘நீ ஒரு தமிழ்ப் பெண்ணா,’ என்று சிவரூபினி அதிகாரியிடம் ஜெர்மனில் சொன்னாள். இவர் என்னிடம் கேட்கிறார், பதில் சொல்லவேண்டிய கேள்வியில்லை என்று நினைக்கிறேன் என்றும் சொன்னாள். அதிகாரி தலையாட்டினாள்.

கடைசியில் எழுதிய வாக்குமூலத்தைத் திருப்பித் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். சொன்னவர் கேட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைக்க வேண்டும். தான் சொன்னதெல்லாம் ஒரு பெண்ணின் குரலில் நிதானமாகத் திரும்பி வரும்போது விஜிதரனின் முகம் கறுத்துக்கொண்டே போனது. ‘கிழவி’ என்ற சொல் இருந்த பக்கத்தை அவள் வாசித்ததும், “நான் அப்பிடிச் சொல்லேல்லை,” என்றார். அந்தப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வைக்கவில்லை. கையொப்பமிட மறுத்தார் என்று அதிகாரி எழுதிக்கொண்டாள்.

சோலோதுர்ன் புகையிரத நிலையத்தின் கழிப்பறையில் சிவரூபினி வாயை மூன்று நாலு தரம் கொப்பளித்தாள். துன்னுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு கேள்வி அவளைக் குடைந்தது. அந்த மரியாதை கெட்ட சொல்லைத் தேர்ந்தது தொழிலா, தன் அருவருப்பா? விஜிதரன் சொன்ன தொனிக்கு அதுதான் சரியான சொல். அதில் சந்தேகமில்லை. ஆனால் சரியான சொல்லைச் சொன்னபோது மனதுக்குள் ஒரு திருப்தி வந்ததே, அதை நினைக்க அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

ஒரு கிழமை போவதற்குள் கதை வெளியே வந்துவிட்டது. அது விஜிதரனின் கதை. பாவம் அந்த வயசுபோன மனுசி என்று தான் அழுததாகவும், பொலிசுக்கு நல்ல பிள்ளையாக இருக்க ஆசைப்பட்ட ஒரு தமிழ்ப் பெண் அதை மாற்றிச் சொல்லித் தன்னை மாட்டிவிட்டதாகவும் அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தப் பெண் யார் என்று கண்டுபிடிப்பது அவருக்குக் கஷ்டமாயிருக்கவில்லை. கடையில் மரக்கறி வாங்கும்போது இரண்டு பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஒரு உறவுக்காரி போனில், “எங்கட ஆக்கள் ஏதும் வாய் தவறிச் சொன்னா நாங்கள்தானே விழுங்கிக்கொள்ள வேணும்,” என்றாள். விழுங்கு என்ற சொல்லைக் கேட்டதும் சிவரூபினி போனை வைத்துவிட்டாள்.

கணவன் கிருபன் அவள் முன்பு வேலை பார்த்த அதே ஹோட்டலின் சமையலறையில் இருந்தான். சாதுவான மனிதன், நாலு பேரோடு ஒத்துப்போக வேண்டும் என்று நினைக்கிறவன். அவனுடைய சித்தப்பா மகன் தேனுஜன், விஜிதரனிடம்தான் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிய வந்தது.

“உண்மையில என்ன நடந்தது எண்டு எனக்காவது சொல்லுமன்,” என்று கிருபன் கேட்டான்.

“சொல்ல ஏலாது.”

“நான் உம்மட புருசன்.”

“சட்டத்தில புருசனுக்கெண்டு தனியா ஒண்டும் எழுதேல்லை.”

அவன் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனான்.

தை மாதம் ஒரு அழைப்பு வந்தது. விஜிதரன் பெரிய கண்டத்திலிருந்து தப்பியதற்காகப் பூசையும் மத்தியானச் சாப்பாடும். வானைத் திருத்தி எடுத்தாயிற்று. அதன் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, ஐயர் கற்பூரம் காட்டப் போகிறார். தப்பியது விஜிதரன் என்றால் இடுப்பொடிந்து கிடப்பது யார் என்று சிவரூபினி கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அதுவும் அந்த அறைக்குள் கேட்டதைச் சொன்னதாகிவிடுமோ என்று பேசாமல் இருந்தாள். போகப்போவதில்லை என்று மட்டும் சொன்னாள். தேனுஜனின் முகத்துக்காக ஒரு தரம் தலையைக் காட்டிவிட்டு வருவோம், எல்லாம் அடங்கிப் போகும் என்று கிருபன் ஒரு கிழமை முழுவதும் கெஞ்சினான். கடைசியில் அவள் சேலையைச் சுற்றிக்கொண்டு காரில் ஏறினாள். தன்னை ஒரு பொட்டலம்போல அங்கே கொண்டுபோய்க் காட்டப்போகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

துன்னைத் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிச் சிறிது தூரம் போனதும் கிருபனின் போன் அடித்தது. தேனுஜன். கிருபன் அதை எடுத்து, காதுக்கும் தோளுக்கும் இடையில் வைத்துக்கொண்டான்.

“ஓமடா, வாறம். அவவும் வாறா. எங்க நிப்பாட்டுறது? பொறு, பாக்கிறன்.” போனைக் கையிலெடுத்து, தேனுஜன் அனுப்பிய இடத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தான். கார் மெல்ல வெள்ளைக் கோட்டைக் கடந்து பக்கத்து ஓடுபாதைக்குள் சரிந்தது. பின்னால் வந்த லொறி நீளமாக ஒலி எழுப்பியது. அவன் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினான். போன் இன்னமும் கையில்தான் இருந்தது.

“வையுங்கோ அதை,” என்றாள் சிவரூபினி.

“ஒரு செக்கன். வழியைத்தானே பாக்கிறன்.”

ஒரு செக்கன். அந்தச் சொல்லை அவள் எத்தனை வாய்களிலிருந்து வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டிருப்பாள். சாதுவானவன், ஒத்துப்போகிறவன், தன்னுடைய மனிதன் வாயிலும் அதே சொல் அதே சாவதானத்தோடு வந்தது. பக்கத்தில் இருந்த அவனுடைய கையைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

“அடுத்த வெளிவாசலால இறக்குங்கோ.”

“என்ன விசர்க்கதை இது?”

“நான் இந்தக் காரில இதுக்கு மேல வரமாட்டன். இறக்குங்கோ.”

அவள் குரலை உயர்த்தவில்லை. ஹோட்டலில் நாறும் அறைக் கதவைத் திறந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசுவாளே, அந்தக் குரலில் சொன்னாள். கிருபன் ரூபிகன் என்ற ஊரில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, ஸ்டேஷன் வாசலில் காரை நிறுத்தினான். அவன் ஏதோ சொல்ல வாய் திறக்குமுன் அவள் கதவைச் சாத்திவிட்டாள். சேலையோடு குளிரில் நின்று, துன்னுக்குப் போகும் ரயிலில் ஏறி வீட்டுக்குப் போனாள்.

கிருபன் பூசைக்குத் தனியாகப் போனான். பின்னேரம் திரும்பி வந்தபோது கையில் பெரிய சாப்பாட்டுப் பார்சல் இருந்தது. உமக்கெண்டு விஜிதரன் அண்ணை தந்து விட்டவர் என்றான். சிவரூபினி அதைத் திறக்காமலே குப்பைப் பைக்குள் போட்டு, பையை முடிந்து கீழே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து கை கழுவினாள். சவர்க்காரம் போட்டு இரண்டாம் தரமும் கழுவினாள். கிருபன் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவள் அவனுடைய காரில் ஏறவில்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் போய் வந்தாள். அவன் கூப்பிடவும் இல்லை.

விஜிதரனுக்கு அரச வழக்கறிஞர் அலுவலகம் தண்டனை எழுதி அனுப்பியது. அவர் பேசாமல் அதை ஏற்றிருந்தால் விஷயம் அந்தக் கடதாசியோடு முடிந்திருக்கும். மானம் போய்விட்டது, மொழிபெயர்ப்பு பொய் என்று நிரூபிக்கப் போகிறேன் என்று அவர் எதிர்த்து எழுதினார். அதனால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அடுத்த இலையுதிர் காலத்தில் விசாரணை நடந்தது. வேறொரு மொழிபெயர்ப்பாளரைப் போட்டார்கள். பக்கபலத்துக்கு என்று சங்கத்து ஆட்கள் சிலர் போய்ப் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்தார்கள். அவர்களில் தேனுஜனும் ஒருவன்.

அன்று பின்னேரம் அவன் ஷ்லீரனுக்குத் திரும்பிப் போகாமல் நேரே துன்னுக்கு வந்தான். சப்பாத்தைக் கழற்றக்கூட மறந்து சமையலறைக் கதிரையில் உட்கார்ந்தான். சிவரூபினி தேத்தண்ணி வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை.

“அந்தக் குரல் பதிவைக் கோர்ட்டில போட்டவங்கள்,” என்று கிருபனைப் பார்த்துச் சொன்னான். “குழுவில அண்டைக்கு அது வந்தது, நானும் கேட்டனான். அந்தச் சத்தம் என்ன எண்டு நான் யோசிக்கேல்லை. வாக்குமூலத்தையும் வாசிச்சவங்கள். அந்தக் கிழவி எண்டு, சாகிற வயசில எண்டு. புது மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில சொல்லேக்க பதிவைக் கேட்ட கையோட விஜி அண்ணையால ஒண்டையும் மறுக்க ஏலாமல் போச்சு. அந்த அம்மா சில்லு வைச்ச கதிரையில வந்திருந்தவ. இனி நடக்கமாட்டாவாம். முதியோர் இல்லத்திலதான் இருக்கிறாவாம்.”

கிருபன் கதிரையொன்றை இழுத்துப் போட்டு அவனுக்கு முன்னால் உட்கார்ந்தான்.

“வெளிய வந்து விஜி அண்ணை என்ன சொன்னவர் தெரியுமோ? கதிரையில வந்து நாடகம் ஆடுறாளாம்.” தேனுஜன் வாயைப் புறங்கையால் துடைத்தான். “லைசன்ஸும் ஆறு மாசத்துக்குப் பறிபோட்டுது. அதுக்குள்ள வானை என்னை ஓட்டச் சொல்லுறார். நான் ஏலாதெண்டு சொல்லிப்போட்டு வாறன்.” பிறகு சிவரூபினியின் பக்கம் திரும்பினான். “அண்ணி, நீங்கள் இதை அப்பவே எங்களிட்டச் சொல்லியிருக்கலாமே. ஆக்கள் எவ்வளவு கதைச்சவை. நானும்தானே கதைச்சனான்.”

“எந்த வழக்கைப் பற்றிக் கதைக்கிறீர் எண்டு எனக்குத் தெரியாது,” என்றாள் சிவரூபினி. அவளால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். தேனுஜன் அவளைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் போன பிறகும் கிருபன் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஆறிப்போன தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. சிவரூபினி அதை எடுத்துத் தொட்டியில் ஊற்றினாள்.

“நான் பூசையண்டைக்கு அங்க சாப்பிட்டனான்,” என்றான் கிருபன். “ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டனான்.”

அவன் முகம் கோணிப்போயிருந்தது. வாயில் வைத்ததைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இருப்பவனின் முகம். சிவரூபினி அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. ஒரு கிளாஸில் தண்ணீர் பிடித்து அவன் முன்னால் வைத்துவிட்டு, கோப்பையைக் கழுவத் தொடங்கினாள்.